தோல் ஒட்டு: சீவி எடுப்பதா, முழுத் தடிமனில் எடுப்பதா?

தீயிலோ விபத்திலோ தோலின் முழு ஆழமும் அழிந்துபோன புண், மிகச் சிறியதாக இல்லாவிட்டால், தானாக நல்லபடி மூடுவதில்லை. உடலின் வேறோர் இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. மேல்தோலோடு உள்தோலின் மேற்பகுதியை மட்டும் சேர்த்து மெல்லிய ஏடாகச் சீவி எடுப்பது பகுதித் தடிமன் ஒட்டு. மேல்தோலையும் உள்தோலையும் அடிவரை வெட்டி எடுப்பது முழுத் தடிமன் ஒட்டு. எது சீக்கிரம் பிடிக்கும் என்றுதான் நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆனால் இரண்டின் நன்மை தீமைகளில் பெரும்பகுதியை முடிவு செய்வது, கத்தி எந்த ஆழத்தில் போகிறது, அங்கே மயிர்க்கால்களும் சுரப்பிகளும் எந்தப் பக்கம் தங்குகின்றன என்பதே.

மேல்தோல் உடலின் பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது; அடி வரிசையில் பிறக்கும் செல்கள் மேலே நகர்ந்து, கெரட்டின் என்னும் கடினப் புரதம் நிறைந்து, இறந்து உதிர்கின்றன. அதற்குக் கீழே உள்ள உள்தோலில் கொலாஜன், எலாஸ்டின் இழைகளும் இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் இருக்கின்றன. மயிர்க்கால்கள், அவற்றோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவை உள்தோலுக்குள் புதைந்திருந்தாலும், அவை கருவில் மேல்தோலிலிருந்தே கீழ்நோக்கி வளர்ந்தவை. ஆகவே அவற்றின் சுவரெங்கும் மேல்தோலை மீண்டும் உண்டாக்கவல்ல செல்கள் உள்ளன. இந்த ஒரு செய்தி புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

முதலில் தோல் எடுத்த இடத்தைப் பார்ப்போம். டெர்மடோம் என்னும் கருவியால் தொடையிலிருந்து 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையான தடிமனில் சீவும்போது, அலகின் மேலே ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஏடு வருகிறது. கீழே வெண்ணிறப் பரப்பில் குண்டூசி முனை அளவில் நூற்றுக்கணக்கான இரத்தப் புள்ளிகள் தோன்றுகின்றன. அந்தப் பரப்பில் மயிர்க்கால்களின் கீழ்ப்பாதியும் வியர்வைச் சுரப்பிகளின் அடிச்சுருளும் அப்படியே இருக்கின்றன. அவற்றிலிருந்து செல்கள் பரவி, சுமார் இரண்டு வாரத்தில் புதிய மேல்தோல் மூடிவிடுகிறது. நரம்பு முனைகள் திறந்து கிடப்பதால் அதுவரை ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடமே அதிகம் வலிக்கும். இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. தலையில் மயிர்க்கால்கள் நெருக்கமாகவும் ஆழமாகவும் இருப்பதால் அங்கே எடுத்த இடம் இன்னும் விரைவாக ஆறுகிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்கலாம், முடியும் மீண்டும் வளரும். முழுத் தடிமன் ஒட்டில் இந்த வசதியே இல்லை. உள்தோல் முழுவதும் போய்விட்ட இடத்தில் புதிய மேல்தோலை உண்டாக்க எதுவும் மிஞ்சுவதில்லை என்பதால், அதன் விளிம்புகளை இழுத்துத் தைக்க வேண்டும். ஆகவே காதின் பின்புறம், காறை எலும்பின் மேல், தொடை இடுக்கு போன்று தோல் தளர்ந்த இடங்களில் தைத்து மூடக்கூடிய அளவே எடுக்க முடியும்.

பரப்பளவு என்று வந்துவிட்டால், ஆகவே, போட்டியே இல்லை. உடலில் பாதி வெந்தவருக்குச் சீவிய ஒட்டுதான் ஒரே வழி. அதிலும் ஏட்டில் வரிசையாகக் கீறல்கள் இட்டு, வலைபோல விரித்து, ஒன்றரை மடங்கோ மூன்று மடங்கோ பரப்பை மூடுகிறார்கள். வலையின் கண்கள் பிறகு மூடிக்கொண்டாலும் அந்தத் தடம் தோலில் நிலைத்துவிடும் என்பதால் முகத்தில் வலை ஒட்டைத் தவிர்ப்பார்கள்.

பிடிப்பதிலும் மெல்லியதற்கே முன்னுரிமை. ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் புண்ணில் ஊறும் நீர்மத்தை உறிஞ்சியே உயிர்வாழ்கிறது. அதன்பின் இரு பக்கத்து நுண்குழாய்களும் இணைந்து, ஒரு வாரத்துக்குள் இரத்த ஓட்டம் நிலைபெறுகிறது. தடிமன் கூடக் கூட இந்த இடைக்காலத்தைத் தாண்டுவது கடினம். அதனால்தான் முழுத் தடிமன் ஒட்டின் அடிப்புறக் கொழுப்பை, உள்தோலின் வெண்மை தெரியும் வரை கத்தரிக்கோலால் பொறுமையாக நறுக்கி நீக்குகிறார்கள். மேலுறை போய்விட்ட வெறும் எலும்பின் மீது இரண்டுமே பிடிக்காது; அங்கே தன் இரத்த ஓட்டத்தோடு நகர்த்தப்படும் தோல், தசைத் துண்டான மடல் தேவை.

ஆனால் பிடித்துவிட்டது என்பதோடு கணக்கு முடிவதில்லை. சுருக்கத்தில் இரண்டும் நேரெதிராக நடந்துகொள்கின்றன. வெட்டியெடுத்த உடனே அதிகம் சுருங்குவது முழுத் தடிமன் ஒட்டுதான். இழுத்தால் நீண்டு மீண்டும் சுருங்கும் எலாஸ்டின் இழைகள் முழுவதும் அதில் இருப்பதே காரணம். அதை அறுவை மேசையிலேயே விரித்துத் தைத்துவிடலாம். அடுத்து வரும் மாதங்களில் புண்ணின் தளமே சுருங்கும்போது அதைத் தடுப்பது உள்தோலின் அளவு என்பதால், சீவிய ஒட்டு அப்போது வெகுவாகச் சுருங்குகிறது. கண்ணிமையில் அப்படி நடந்தால் இமை வெளிப்புறமாகத் திரும்பி, கண் மூடாமல் போகும். 1874இல் ஜெர்மனியின் கார்ல் டீர்ஷ் சீவிய ஒட்டைப் பரவலாக்கிய அடுத்த ஆண்டே, கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜான் வுல்ஃப் இமைக்கு முழுத் தடிமன் தோலை ஒட்டி வெற்றி கண்டதாக எழுதினார். இன்றும் அந்த ஒட்டு அவர் பெயரால் வழங்குகிறது.

அன்றாட வாழ்வில் இன்னும் அதிகம் உறுத்துவது சுரப்பிகளின் இழப்பு. சீவிய ஒட்டில் எண்ணெய்ச் சுரப்பிகள் போதுமான அளவு வந்து சேர்வதில்லை. தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, அரிக்கும். தேங்காயெண்ணெயோ மருத்துவர் சொல்லும் களிம்போ தேய்த்துவரச் சொல்வது சம்பிரதாயம் அல்ல, அது இல்லாத சுரப்பியின் வேலையை வெளியிலிருந்து செய்வது. வியர்வையின் நிலை இன்னும் கடினமானது. பெரும்பரப்பில் இப்படி ஒட்டப்பட்டவருக்கு அந்தப் பரப்பு வியர்ப்பதில்லை. வெயிலில் வேலை செய்பவருக்கு உடற்சூடு ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். முழுத் தடிமன் ஒட்டில் சுரப்பிகள் முழுமையாக வருகின்றன. புண்ணின் தளத்திலிருந்து நரம்புகள் வளர்ந்து சேர்ந்த பிறகு அவை, எடுத்த இடத்தின் வழக்கப்படி அல்ல, ஒட்டிய இடத்தின் வழக்கப்படி வியர்க்கத் தொடங்குகின்றன. தொடு உணர்வு, நிறம் ஆகியவற்றிலும் இதுவே மேல். நம் நிறத்தவருக்குச் சீவிய ஒட்டு கருத்துவிடுவது கண்கூடு.

ஆய்வகத்தில் வளர்த்த மேல்தோல் இரண்டையும் வென்றுவிடாதா என்று கேட்கலாம். 1975இல் ரைன்வால்ட், கிரீன் என்னும் ஆய்வாளர்கள் மனித மேல்தோல் செல்களைப் பெருக்கும் முறையைக் கண்டார்கள். சிறு துண்டிலிருந்து பெரும்பரப்பு கிடைக்கிறது. ஆனால் அதில் உள்தோல் இல்லை, மயிர்க்கால் இல்லை, சுரப்பி இல்லை. எளிதில் கொப்புளித்து உரிகிறது. எடுக்கத் தோலே மிஞ்சாதவருக்கு மட்டும் அது துணையாகும்.

எனவே என் கணிப்பில், பரப்பு சிறியதாக இருந்து முகம், இமை, விரல், உள்ளங்கை ஆகிய இடங்களில் ஒட்ட வேண்டுமானால் முழுத் தடிமனை முதலில் எண்ண வேண்டும். குழந்தையின் கையானால் தயங்கவே கூடாது, ஏனெனில் கை வளரும்போது சீவிய ஒட்டு ஈடுகொடுக்காமல் விரல்களை மடக்கி இழுக்கும். ஆனால் எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் தேவை. உள்ளங்கையில் இயற்கையாக மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் கிடையாது. குழந்தையின் தொடை இடுக்கில் தோல் மழமழவென்று இருக்கிறதே என்று நடுப்பக்கமாக எடுத்து ஒட்டினால், மயிர்க்கால்களும் கூடவே வந்துவிடும். பருவம் எய்தும்போது உள்ளங்கையில் முடி முளைக்கும். ஆகவே இடுக்கின் வெளிப்பக்கமாக, இடுப்பெலும்பை ஒட்டி எடுப்பதே முறை.