ஆமை விலக்கியா, 5 கடல் மைல் விதியா?

பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள்) சென்னைக் கரையில் முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன், விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவலையில் சிக்கிச் சாகாமல் அவற்றைக் காப்பது எது?

ஆமை விலக்கி என்பது இழுவலைக்குள் பொருத்தும் கம்பிச் சட்டம். இறால் கம்பி இடுக்கில் புகுந்து மடிக்குள் (வலையின் பை போன்ற கடைப்பகுதிக்குள்) போகும்; ஆமை சட்டத்தில் முட்டி, அருகிலுள்ள திறப்பு வழியே தப்பிவிடும். பெரிய மீனும் அதே வழியில் நழுவும் என்று விசைப்படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். நியாயமான கவலை, இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும்.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்ற விதிக்குத் தேவை ரோந்துப் படகு மட்டுமே. ஆமைகள் கூடுவதும் நாட்டுப்படகுகள் வலை விரிப்பதும் அந்தப் பரப்பில்தான். ரோந்து தளர்ந்தால், மூச்சுத் திணறிச் செத்த ஆமைகள் கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கரை ஒதுங்குகின்றன. நான் முதலில் கேட்பது ரோந்தைத்தான்.