வெண்ணமடைகுளத்தில் படகு: பல சீசன் போய்வந்த அனுபவம்

குற்றாலம் ஐந்தருவி சாலையில் இருக்கிற வெண்ணமடைகுளம் படகு குழாமுக்கு நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே போய்வருகிறேன். இப்போது பிள்ளைகளோடு போகிறேன். நடுவில் கொடைக்கானல், தேக்கடி, தென்மலை என்று மலைப்பக்கத்து நீர்நிலைகள் சிலவற்றிலும் படகேறிப் பார்த்தாயிற்று. குடும்பமாகப் போய் நாமே படகை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், நெல்லைச் சீமையில் இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எப்போது போகிறோம், எந்தப் படகில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து அனுபவம் தலைகீழாக மாறிவிடும்.

முதலில் காலம். இங்கே வருஷம் முழுக்கப் படகு ஓடாது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பிடித்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் இந்தப் பக்கம் இறங்கி, ஐந்தருவித் தண்ணீர் வந்து குளம் பெருகினால்தான் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுகளை இறக்கும். சாரல் ஏமாற்றுகிற வருஷம் அதுவும் தள்ளிப்போகும். மே மாத லீவில் வந்து, தண்ணீர் இல்லாத குளத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கொடைக்கானல் ஏரி 1863ல் உருவாக்கியது. அங்கே எந்த மாதம் போனாலும் படகு உண்டு. அந்த வசதி இங்கே கிடையாது. ஆனாலும் நிறைந்த குளத்தில், மேற்கே மலை மேகத்துக்குள் மறைவதும் வெளியே வருவதுமாக இருக்க, முகத்தில் சாரல் பட்டும் படாமலும் விழும்போது, கொடைக்கானலில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. அருவித் தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்கிற நினைப்பே தனிச் சந்தோஷம்.

அடுத்தது காற்று. பலர் இதை யோசிப்பதே இல்லை. சீசனில் சாரலைக் கொண்டுவருகிற அதே கணவாய்க் காற்றுதான் கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்றவைக்கிறது. மிதி படகு ஃபைபரில் செய்தது, எடை குறைவு, தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கும். அதன் உடம்பு முழுக்கக் காற்று பிடிக்கும். கரையை விட்டதும் காற்று தள்ளுகிற பக்கமே சுகமாக மிதித்துப் போய்விட்டால், திரும்பும்போது தொடை கடுக்கும். மிதிக்க மிதிக்கப் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கே படகு தள்ளிவிடுகிறவர் ஒருவர் முன்பு ஒரு சீசனில் சொன்னதை இன்றுவரை நான் மாற்றவில்லை: "அண்ணாச்சி, மொதல்ல மேக்க பாத்து மிதிங்க. வாறப்ப காத்தே தள்ளிட்டு வந்துரும்." அப்படியே செய்யுங்கள். தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் போய்விட்டால், திரும்பி வருகிற நேரத்தில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வரலாம்.

காலையில் போவது நல்லது. கூட்டம் குறைவு, காற்றும் பெரும்பாலும் மட்டுப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேண்டவே வேண்டாம். வரிசையில் நின்றே பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள், அப்புறம் படகில் ஏறியும் ருசிக்காது.

படகு என்று வந்தால், சின்னப் பிள்ளைகள் இருந்தால் நாலு பேர் உட்காரும் மிதி படகே சரி. அகலமானது, ஆட்டம் குறைவு. இரண்டு பேர் படகு புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு. எடை ஒரு பக்கம் கூடினால் சாய்ந்துகொண்டே போகும், கனமானவர் ஒருபுறமும் ஒல்லியானவர் மறுபுறமும் உட்கார்ந்தால் திருப்புவதே பாடு. எனக்குப் பிடித்தது துடுப்புப் படகுதான். மிதி படகில் சத்தம் ஓயாது, காலுக்கடியில் தண்ணீரை அறைந்துகொண்டே இருக்கும். துடுப்பில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினால் படகு தானாக வழுக்கிப் போகும். கொக்கு பறக்காமல் நிற்கும். என் மூத்தவன் துடுப்புப் போடப் பழகியதும் இந்தக் குளத்தில்தான். கையால் மட்டும் இழுத்தால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். காலை ஊன்றி முதுகைச் சாய்த்து இழுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். வெளியூரில் ஒரு மலை ஏரியில் கிளிப் உடைந்த ஜாக்கெட்டைக் கொடுத்து "சும்மா மாட்டிக்கிடுங்க" என்றார்கள். நாங்கள் ஏறாமல் வந்துவிட்டோம். மாட்டிய பிறகு தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரைக்கும் ஏறினால் அது தளர்வு, தண்ணீரில் விழுந்தால் உருவிக்கொண்டு போகும். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினால் போதாது, அவர்கள் அளவிலேயே வாங்க வேண்டும். திருச்செந்தூர் கடலில் மிதந்து பழகினவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உப்புத் தண்ணீர் தாங்குகிற அளவுக்கு நல்ல தண்ணீர் நம்மைத் தாங்காது. கடலில் சுலபமாக மிதந்தவருக்கும் இங்கே சீக்கிரம் களைப்பு வரும்.

படகில் எழுந்து நிற்பது, போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் நகர்வது இரண்டையும் நான் அனுமதிப்பதில்லை. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க ஒரு பக்கமாகக் கூடியதைப் பற்றி அப்போது எவ்வளவு பேசினோம்! அது பெரிய படகு, இது சின்னப் படகு; எடை ஒரு பக்கம் சாய்ந்தால் படகும் சாயும் என்பது இரண்டுக்கும் பொதுதான்.

தென்மலைக்கும் ஒரு வார்த்தை. புளியரை, ஆரியங்காவு வழியாக ஏறினால் பரப்பாறு அணையின் நீர்ப்பரப்பு. செந்துருணி சரணாலயத்துக் காட்டுக்கு நடுவே படகு போகும். ஓட்டுகிறவர் ஓட்டுவார், நாம் உட்கார்ந்து கரையைப் பார்க்க வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப் போக அதுதான் வசதி, எங்கள் அத்தை இன்றும் அதைத்தான் கேட்பார். வெண்ணமடைகுளம் அவருக்கு "சின்னப் பிள்ளைய வெளையாட்டு".

காரையாறை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. காரையாறு அணை என்கிற பாபநாசம் மேலணையில் மோட்டார் படகு ஏறி, 143 அடி அணையின் நீர்ப்பரப்பைத் தாண்டிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போன காலம் நெல்லைக்காரர்கள் பலருக்கும் மனசில் இருக்கும். களக்காடு முண்டந்துறை 1988ல் புலிகள் காப்பகமானது. பிற்பாடு அந்தப் படகுகள் நின்றுபோனதில் எனக்கும் வருத்தம் உண்டு, ஆனால் புலியும் யானையும் தண்ணீர் குடிக்க வருகிற கரையில் இஞ்சின் சத்தம் இல்லாமல் இருப்பதே நல்லது என்றுதான் நினைக்கிறேன். மிதித்துப் போகிற ஆசைக்குக் குற்றாலம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருக்கிற நாளில் படகையும் நம்பி வராதீர்கள். மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள், மிதி படகில் கால் நனையாமல் இறங்கியவர் யாருமில்லை. சாரல் தூறலுக்குப் பயப்பட வேண்டாம், இடி கேட்டால் மட்டும் நேரம் மிச்சமிருந்தாலும் கரைக்கு வந்துவிடுங்கள்.