ஊட்டி மலை ரயில்: டிக்கெட்டை மேட்டுப்பாளையத்திலிருந்தே எடுங்கள்

திருப்பூர்க்காரனான நான் ஊட்டிக்கு இருபது தடவையாவது போயிருப்பேன், எல்லாம் பஸ்ஸில்தான். 46 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு ஐந்து மணி நேரமா என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப் போட்டாயிற்று. இந்த ஜூலையில் வீட்டுக்காரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்: "முட்டி நல்லா இருக்கறப்பவே போயிரலாமுங்க. அப்புறம் போயிருக்கலாமேன்னு உக்காந்து பேசி என்னங்க ஆகப் போகுது?"

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. திறந்த அன்றே எடுத்துவிட்டோம்.

ஊட்டி வரை வந்துவிட்டு மலை ரயிலில் ஏறாமல் திரும்பினால் மனசு உறுத்தும் என்றே பலர் கிடைத்த டிக்கெட்டை வாங்குகிறார்கள். எங்கள் மச்சான் குடும்பமும் அப்படித்தான் குன்னூரில் ஏறி ஊட்டியில் இறங்கி, "போயாச்சு" என்று கணக்கை முடித்தார்கள். அந்தத் துண்டும் அழகுதான், தேயிலைச் சரிவுகள் வரும். ஆனால் விசேஷமெல்லாம் அதற்குக் கீழே, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. சில இடங்களில் பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரம். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்னால் புகை இல்லை. முன்பெட்டியின் மேடையில் ஊழியர் கொடியோடு நிற்கிறார். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டிவிடுகிறார்கள். மச்சானிடம் இதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை.

பள்ளத்தாக்கைப் பார்க்க எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்று நானும்தான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 208 வளைவு இருக்கிற பாதையில் அது இரண்டு பக்கமும் வந்துவிட்டுப் போகிறது. பெட்டியில் பாதிப் பேர் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியே வந்தார்கள். ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கையில் ஒரு குரங்கு எங்கள் வடைப் பொட்டலத்தோடு போய்விட்டது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

இருக்கை நெருக்கம், காலை நீட்ட முடியாது. பெட்டிகளில் கழிப்பறை இல்லை, நிற்கிற ஸ்டேஷனில்தான் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். அப்போது திட்டமிட வேண்டாம்.

திரும்பியது பஸ்ஸில். பர்லியாறில் மங்குஸ்தான் வாங்க இறங்கினோம். அம்மணி பழத்தைப் பார்க்கவில்லை. மலையில் தண்டவாளம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.