4,800 வெள்ளி வாங்கிவிட்டு, அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்றார்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் வயதான அப்பா அம்மாவோடு இருக்கிறவர்கள் இதைப் படியுங்கள்.

முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவுக்குப் போன வருஷம் நடை மாறியது. காலை அகட்டி வைத்து, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். வாசலில் திரும்புவதற்கே ஏழெட்டு அடி வைப்பார். பிறகு, பாத்ரூம் போவதற்குள் கைலி நனைந்தது. அதன்பின் சாப்பிட்டு முடித்த கையோடு, “சோறு போடலையா?” என்று அம்மாவைக் கேட்டார்.

டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ஐந்தே நிமிஷத்தில் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்றார்கள். தலையை ஸ்கேன் எடுக்கவே இல்லை. எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அங்கிருந்தே ஒரு ‘நரம்பு சிகிச்சை’ மையத்துக்கு அனுப்பினார்கள். காந்த மெத்தையும் பத்து ஊசியும் 4,800 வெள்ளி. அப்பாவின் இ.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம் அது. குணமில்லையே என்று போய்க் கேட்டேன். “வயசாயிடுச்சும்மா, இன்னும் என்ன எதிர்பார்க்கிறீங்க?” என்றார்கள். இன்னும் என் வயிறு எரிகிறது.

அப்பா விழுந்து நெற்றி கிழிந்த பிறகுதான் ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். சி.டி. ஸ்கேனில் மூளையின் உள்ளறைகள் நீர் தேங்கிப் பெருத்திருந்தன. நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபலஸ் என்றார்கள். அந்த நீரின் அழுத்தத்தை அளந்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டுமாம். நடை, சிறுநீர், ஞாபகம் மூன்றும் கெடுவது இதன் அடையாளம் என்று 1965-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றையும் அந்த கிளினிக்கில் நான் வாய்விட்டுச் சொன்னேனே!

ஆபரேஷன் பலன் தருமா என்று பார்க்க, முதுகுத்தண்டில் ஊசி போட்டு அந்த நீரில் 40 மில்லி எடுத்தார்கள். பச்சைத் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. முன்பு 10 மீட்டர் நடக்க அப்பாவுக்கு 31 விநாடி ஆனது. எடுத்த சில மணி நேரத்தில் 19. நர்ஸ் கடிகாரத்தைக் காட்டியபோது அம்மா அழுதுவிட்டார். இந்தச் சோதனையில் தேறாதவர்களிலும் சிலருக்கு ஆபரேஷன் பலன் தருமாம். அதனால் மூளை ஆபரேஷன் செய்யும் நியூரோசர்ஜன் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தேங்கும் நீர் வடிய, தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலடியில் குழாய் வைத்தார்கள். ஷண்ட் என்பார்கள். தொற்று, அடைப்பு, மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது அப்பா தானே கோயிலுக்கு நடந்து போகிறார். ஞாபகம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் தேறியிருக்கலாம் என்றார் டாக்டர்.

நீர் வடியும் அளவை மாற்ற, குழாயிலுள்ள வால்வை வெளியிலிருந்து காந்தத்தால்தான் திருத்துகிறார்கள். பலமான காந்தம் எதையும் தலைப்பக்கம் வைக்கக்கூடாது என்று அட்டை கொடுத்திருக்கிறார்கள். 4,800 வெள்ளி மெத்தை இப்போது வீட்டுக்கு வெளியே கொட்டகையில் கிடக்கிறது.