வீட்டு மேசையில் பீர்த் திருவிழா: இணைய டேஸ்டிங்குகளில் உண்மையில் என்ன கற்கலாம்?

பிரிட்டனில் பாரம்பரிய பீருக்காகக் குரல் கொடுக்கும் நுகர்வோர் அமைப்பான காம்ரா 1977இல் தொடங்கிய கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவல், 2020இல் கொரோனாவால் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 11 முதல் 13 வரை இணையத்தில் நடத்தினார்கள். பீர்ப் பெட்டி முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். குறித்த நேரத்தில் திரையில் ஒருவர் வழிநடத்த, எல்லோரும் அவரவர் வீட்டில் அதே பீரை ஊற்றிச் சுவைப்பார்கள். பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் இந்த முறை ஓயவில்லை. இப்படிப் பல அமர்வுகளில் பங்கெடுத்தவர்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: திருவிழாக் களை இதில் கிடைக்காது, ஆனால் மூக்கையும் நாக்கையும் பழக்குவதற்கு இரைச்சல் மிகுந்த அரங்கைவிட வீட்டு மேசை நல்ல இடம். கண்ணாடிக் கோப்பை, வெப்பநிலை, வெளிச்சம், அளவு எல்லாம் நம் கையில் இருக்கும்.

அளவிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 330 மில்லி டின், 5 சதவீத ஆல்கஹால் என்றால் பிரிட்டன் கணக்கில் 1.65 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்). ஆறு டின் கொண்ட பெட்டியை ஒருவரே முடித்தால் கிட்டத்தட்ட 10 யூனிட். அங்குள்ள மருத்துவ வழிகாட்டுதலோ ஒரு வாரத்துக்கே 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்கிறது. உடல்நலத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், நான்காவது டின்னுக்குமேல் எழுதும் குறிப்பு எதற்கும் உதவாது. சுவைக்க 100 மில்லி தாராளம். ஒரு பெட்டியை மூன்று பேர் பகிர்ந்தால் ஆறு பீருக்கும் ஆளுக்குச் சுமார் 3 யூனிட்தான் ஆகும். தனியாளாக இருந்தால் மூன்று பீரோடு நிறுத்திவிட்டு, மீதியைப் பதிவு செய்யப்பட்ட காணொளியோடு இன்னொரு நாள் சுவைப்பது நல்லது. திறந்த டின்னை மூடி வைக்கலாம் என்று நம்ப வேண்டாம், மறுநாள் அதில் வாயுவும் இருக்காது, மணமும் இருக்காது.

பெட்டி வந்ததும் டின்னின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்க்க வேண்டும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கலான ஐபிஏ வகைப் பீர்கள் அடைத்த மூன்று மாதத்துக்குள் இருப்பது நல்லது, வந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கூரியர் வண்டியில் குலுங்கி வந்த டின்னை அன்றே திறந்தால் பாதி நுரையாக மேசையில் வழியும், ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும் வகைகளை நிமிர்த்தி வைத்தால்தான் வண்டல் அடியில் தங்கும். ஏல் எனப்படும் ஆங்கிலப் பாரம்பரிய பீர் என்றால் அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு ஊற்றுவது வழக்கம். ஜெர்மனியின் கோதுமை பீரான ஹெஃபெவைட்சனில் நேர்மாறு: கடைசிக் கொஞ்சத்தைச் சுழற்றி வண்டலையும் சேர்த்தே ஊற்றுவார்கள், ஹெஃபெ என்றாலே ஈஸ்ட்தான்.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து ஊற்றுவது அடுத்த தவறு. 4 டிகிரியில், குளிரில் நொதிக்கவைக்கும் பீரான லாகருக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் பிட்டர், போர்ட்டர் போன்ற ஆங்கில ஏல்கள் 10 முதல் 13 டிகிரிக்கு வந்தால்தான் மணம் எழும். அறை வெப்பத்தில் அரை மணி நேரம் முன்னால் எடுத்து வைத்தால் போதும். கண்ணாடிக்குத் தனி வாங்கல் தேவையில்லை, வாய் குறுகிய வைன் கிளாஸ் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சுத்தம் முக்கியம். ஊற்றிய பீருக்குள் குமிழிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெயோ சோப்போ இருக்கிறது என்று பொருள். நுரை நிற்காததற்குப் பீரைக் குறை சொல்லும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. அமர்வுக்கு முந்தைய ஒரு மணி நேரம் தாளிப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். மிக்சரும் ஊறுகாயும் பக்கத்தில் வரக்கூடாது. மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்வரை கசப்பை எடைபோட முடியாது. வெறும் ரொட்டியும் தண்ணீரும்தான் துணை.

எதை முதலில் சுவைப்பது என்ற வரிசையை நிறத்தை வைத்து முடிவு செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. கின்னஸ் டிராஃப்ட் கறுப்பு, ஆனால் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், வாயில் உணரும் கனமும் குறைவு. பொன்னிறமான பெல்ஜிய பீர் சைசன் டுபோன் 6.5 சதவீதம். ஆகவே ஆல்கஹால், கசப்பு, புளிப்பு, புகை ஆகியவற்றின் வலுவைப் பார்த்து மெலிதிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரின் புகை பீரை நடுவில் வைத்தால் அதற்குப் பின் வருவதெல்லாம் புகையாகவே தெரியும்.

முகர்வதற்கும் முறை உண்டு. முதலில் கண்ணாடியை மூக்குக்குக் கீழே ஒருமுறை கடத்த வேண்டும். பிறகு சின்னதாக இரண்டு முகர்தல், அடுத்து நீண்ட ஒன்று. கடைசியில் கண்ணாடியின் வாயைக் கையால் மூடிச் சுழற்றி, கையை எடுத்தவுடன் முகர வேண்டும். விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விட்டால் இன்னொரு அடுக்கு மணம் திறக்கும், பலரும் தவறவிடுவது இதைத்தான்.

குறிப்பை எழுதி முடிக்கும்வரை அரட்டைப் பெட்டி மூடியே இருக்கட்டும். யாரோ ஒருவர் "மாம்பழம்" என்று தட்டினால் போதும், அடுத்த நிமிடம் ஐம்பது பேருக்கு மாம்பழம் மணக்கும். வழிநடத்துபவரின் ஒலியைக்கூட அந்த இரண்டு நிமிடம் நிறுத்திவிடலாம். எழுதுவதற்கு, பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாள் நல்ல சட்டகம். மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பது கண்ணை நம்பி ஏமாறாதே என்று கற்றுத்தருகிறது. அன்டாப்டு போன்ற செயலியின் நட்சத்திரங்கள் எதைக் குடித்தோம் என்று நினைவில் வைக்க உதவும், சுவையைக் கற்க உதவாது. சொற்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. கருப்பட்டி, கொத்தமல்லி விதை, வறுத்த உளுந்து, நார்த்தங்காய்த் தோல் என்று நாம் வளர்ந்த சமையலறையின் சொற்கள் இன்னும் துல்லியமாக விழும்.

நல்ல அமர்வுக்கு அடையாளம், பெட்டியில் உள்ளவை ஒன்றுக்கொன்று ஒப்பிடத் தக்கவையாக இருப்பது. ஈஸ்ட் செய்யும் வேலையை அறிய ஜெர்மனியின் கோதுமை பீர் வைஹென்ஸ்டெஃபானர் ஹெஃபெ, பெல்ஜியத்தின் கோதுமை பீர் ஹோகார்டன், சைசன் டுபோன் மூன்றும் போதும். மூன்றும் வெளிர் நிறம், ஆனால் வேறு வேறு உலகம். முதலாவதில் வாழைப்பழமும் கிராம்பும் எழும், இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்டே. வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிட்டேட், கிராம்பு மணம் 4-வினைல் குவாயகால். ஹோகார்டனின் கொத்தமல்லி மணமோ ஈஸ்டிலிருந்து வருவதில்லை, ஆரஞ்சுத் தோலோடு விதையையே சேர்க்கிறார்கள். சைசனில் மிளகுக் காரமும் வறண்ட முடிவும் தெரியும். சம்பந்தமில்லாத ஆறு பீரை அடுக்கி, மது ஆலையின் பெருமையை மட்டும் ஒரு மணி நேரம் பேசும் அமர்வுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பீரில் வரும் குறைகளை அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஹாப்ஸ் தெரியும் லாகரை இரண்டு கண்ணாடியில் ஊற்றி, ஒன்றை நேர் வெயிலிலும் மற்றதை இருட்டிலும் கால் மணி நேரம் வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும். வெயில் பட்டதில் கந்தகம் கலந்த நெடி அடிக்கும். ஆங்கிலத்தில் ஸ்கங்க் என்னும் அமெரிக்க விலங்கை வைத்துச் சொல்வது இதைத்தான். ஒளி ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைப்பதால் வருவது இது, ஆகையால் பச்சைப் பாட்டிலைவிடப் பழுப்புப் பாட்டில் மேல், டின் அதற்கும் மேல். வேறு குறைகளும் உண்டு: வெண்ணெய் மணம் வந்தால் டையசெட்டில் என்னும் வேதிப்பொருள், மக்காச்சோளம் வேகவைத்த நீர் போலிருந்தால் டிஎம்எஸ் என்னும் கந்தகச் சேர்மம், நனைந்த அட்டைபோல் என்றால் பீர் பழையதாகிவிட்டது.

நாக்கு தேறியிருக்கிறதா என்று பார்க்க முக்கோணச் சோதனை வைக்கலாம். மூன்று கண்ணாடியில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. ஊற்றுபவர் வேறொருவராக இருக்க வேண்டும். கண்ணை மூடி வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அதனால் ஒருமுறை சரியாகச் சொன்னதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

இணையத்தால் கொடுக்க முடியாதது காஸ்க் ஏல். பப்பின் நிலவறையில், 11 முதல் 13 டிகிரியில், பீப்பாய்க்குள்ளேயே முதிர்ந்து, கைப்பம்பில் இழுக்கப்படும் அந்த மென்மையான பீர் டின்னில் வராது. அட்டைப் பெட்டிக்குள் வைத்த பையில் நிரப்பிச் சில மது ஆலைகள் அதை அனுப்புகின்றன, ஓரளவு நெருங்கும், ஆனால் திறந்த சில நாளில் முடித்தாக வேண்டும். அதை ஐந்தாறு பேர் கூடும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.