சிங்கப்பூரில் சொந்தக் காரா, பகிர்வுக் காரா? சில ஆண்டு அனுபவம்

செயலியில் பதிவு செய்து மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கார் பகிர்வைப் பற்றிப் பேச்செடுத்தாலே "காசு மிச்சமாகுமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆகும், நிறையவே ஆகும். சிங்கப்பூரில் அதைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. எந்த நாளில் எது கிடைக்காமல் போகும், அதை உங்கள் வீடு தாங்குமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். எங்களிடம் சொந்தக் கார் இருந்தது. 2022 கடைசியில் அதை விட்டோம். அன்றிலிருந்து பகிர்வுக் கார்தான். செங்காங்கில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடு, வேலைக்குப் போகும் நானும் கணவரும், தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகள், முட்டி வலியோடு இருக்கும் அம்மா. இதுதான் எங்கள் குடும்பம். உங்கள் வீட்டில் ஆட்கள் வேறு மாதிரி என்றால் முடிவும் வேறாக இருக்கலாம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே கார் வாங்க முதலில் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 மே மாதம் வந்த ஏற்பாடு இது. மாதம் இரண்டு முறை ஏலம் நடக்கும், எடுத்த சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் வளர்ச்சி விகிதத்தைச் சுழியமாக வைத்திருக்கிறார்கள். அதாவது பழைய கார்கள் சாலையை விட்டுப் போகப் போகத்தான் புதியவற்றுக்கு இடம். விலை எங்கே போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கு 106,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பெரியவற்றுக்கு 150,001 வெள்ளி வரை போனது. 2025 அக்டோபரில் சிறிய கார்களுக்கே 128,000 வெள்ளியைத் தாண்டியது. இது வெறும் காகிதத்துக்கான விலை. காரின் இறக்குமதி மதிப்பு, அதன்மேல் 20 விழுக்காடு சுங்கவரி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அந்த மதிப்புக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வரும் கூடுதல் பதிவுக் கட்டணம், எல்லாம் தனி.

எங்கள் கார் பழைய கார், இன்னொருவரிடமிருந்து வாங்கியது. அதன் பத்து ஆண்டு முடியும்போது இரண்டு வழி இருந்தது. கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி இன்னொரு பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். அப்போது அது 70,000 வெள்ளிக்கு மேல். பாதி கொடுத்து ஐந்து ஆண்டுக்கும் புதுப்பிக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது, காரை அழித்தே ஆக வேண்டும். எதைச் செய்தாலும், கெடுவுக்குள் காரை ஒப்படைத்தால் கிடைக்கும் பதிவுக் கட்டணத்தின் பாதித் தொகை கைவிட்டுப் போகும். பழைய இயந்திரத்துக்கு இவ்வளவு கொட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஒப்படைத்துவிட்டு, அந்தப் பாதித் தொகையை வாங்கிக்கொண்டோம்.

மாதக் கணக்கு போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு லட்சம் வெள்ளி சிஓஇ என்று வைத்துக்கொண்டால், 120 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 833 வெள்ளி. வீவக கூரையுள்ள நிறுத்துமிடத்தில் மாதச் சீட்டு 110 வெள்ளி. 1.6 லிட்டர் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 740 வெள்ளி அளவில், காப்புறுதி ஆயிரத்துச் சொச்சம். கார் என்ற பொருளின் விலையைத் தொடாமலே, பெட்ரோல் ஒரு சொட்டு ஊற்றாமலே, மாதம் ஆயிரத்து நூறு வெள்ளி ஆகிவிட்டது. இது கீழே சும்மா நிற்பதற்கு. எங்கள் பகிர்வுக் கார் செலவு மாதம் 250இலிருந்து 350 வெள்ளிக்குள் இருக்கிறது. டாக்சியும், செயலியில் அழைக்கும் கிராப் காரும் சேர்ந்து இன்னொரு நூறு, நூற்றைம்பது.

கடைசியில் சொன்ன டாக்சிச் செலவுதான் முக்கியம். பகிர்வுக் காரைச் சொந்தக் காரோடு ஒன்றுக்கு ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். எங்கள் காரின் இடத்தைப் பிடித்தது பகிர்வுக் கார் இல்லை, எம்ஆர்டி. அலுவலகம் ரயிலில்தான். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போவதும் அப்படியே: செங்காங்கில் ஏறினால் வடகிழக்குத் தடத்தில் மாறாமலே ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் காரை நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும், அங்கே சொந்தக் கார் ஒரு சுமை. மழை, அவசரம், அம்மாவின் மருத்துவர் சந்திப்பு என்றால் டாக்சி. இதெல்லாம் போக மிஞ்சுவதற்குத்தான் பகிர்வுக் கார்.

மிஞ்சுவது எவை? சுங்கை காடுட்டில் அரசகேசரி சிவன் கோயில். தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது, செங்காங்கிலிருந்து ரயிலும் பேருந்தும் மாறிப் போனால் அரை நாள் போய்விடும், காரில் விரைவுச்சாலை பிடித்தால் அரை மணிக்குள். தெம்பனிஸில் மரச்சாமான் வாங்கப் போவது. நாலு பையோடு உறவினர் வீட்டு விசேஷம். முதலில் சாங்கி விமான நிலையத்தில் ஊரிலிருந்து வருபவர்களை அழைத்து வருவதும் இதில் இருந்தது. பட்டியல் சின்னதுதான். ஆனால் இவை எல்லாமே வாரக் கடைசியிலோ பண்டிகை நாளிலோதான் வருகின்றன. நமக்கு மட்டுமா? எல்லாருக்கும் மிஞ்சுவது அதே நாளில்தான் மிஞ்சுகிறது! செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் புளோக்கின் நிறுத்துமிடத்தில் பகிர்வுக் கார்கள் வரிசையாகத் தூங்கும். தீபாவளிக்கு முந்தைய நாளோ சீனப் புத்தாண்டின் முதல் நாளோ செயலியைத் திறந்தால் சாம்பல் நிறப் புள்ளிகள்தான். கிடைத்தாலும் கட்டணம் எகிறியிருக்கும். பண்டிகைக்குப் பல வாரம் முன்பே பதிவு செய்வது எங்கள் வீட்டில் பலகாரப் பட்டியலோடு சேர்ந்த வேலையாகிவிட்டது.

பழகாதவர்களுக்கு நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். செயலியில் காரையும் நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும். நேரம் வந்ததும் கைப்பேசியாலேயே கதவு திறக்கும். மணிக்கட்டணம் தனி, கிலோமீட்டர் கட்டணம் தனி. நான் அதிகம் பயன்படுத்தும் திட்டத்தில் கிலோமீட்டருக்கு 40 காசை ஒட்டி வரும், பெட்ரோல் அதிலேயே அடக்கம். சில நிறுவனங்கள் பெட்ரோலை நம்மையே போடச் சொல்லும், எனவே மணிக்கட்டணத்தை மட்டும் பார்த்து "இது மலிவு" என்று முடிவு செய்யாதீர்கள். எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும். நிறுத்துமிடத்துக்கும் மின்னியல் சாலைக் கட்டணத்துக்கும் சொந்தமாகப் பணம் நிரப்பிய நெட்ஸ் அட்டை எடுத்துப் போவது நல்லது. தடுப்புக் கம்பியின் முன்னால் நின்று, பின்னால் நாலு கார் காத்திருக்கப் பையைத் துழாவுவது இனிமையான அனுபவம் இல்லை.

ஓட்டும் விதத்தையே இந்த மணிக்கட்டணம் மாற்றிவிடுகிறது. கோயிலில் அர்ச்சனை வரிசை நீண்டால் கண் கைப்பேசிக்குப் போகிறது. விசேஷ வீட்டில் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றால் முதலில் செயலியில் நீட்டிக்க முடியுமா என்று பார்க்கிறேன். அடுத்தவர் பதிவு செய்திருந்தால் நீட்டிக்க முடியாது, தாமதமானால் அபராதம். ஒருமுறை திருச்சி விமானம் தாமதம். மாமாவும் அத்தையும் இறங்கிப் பெட்டி வரும் நேரத்தில் எங்கள் பதிவு முடியப்போகிறது, நீட்டிக்க வழியில்லை. கணவர் வெறும் காரைத் திருப்பி விட வீட்டுக்கு ஓட்டினார், நான் அவர்களைப் பெரிய டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "உங்க கார் எங்கே?" என்று அத்தை வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். அதிலிருந்து விமான நிலையத்துக்குப் பகிர்வுக் காரே எடுப்பதில்லை.

காப்புறுதி விஷயத்தில் கவனமாக இருங்கள். கட்டணத்தில் காப்புறுதி சேர்ந்திருக்கும், ஆனால் விபத்தானால் முதல் சில ஆயிரம் வெள்ளி நம் தலையில். வயது குறைந்தவர்களுக்கும் ஓட்டுநர் உரிமம் வாங்கி அதிக நாள் ஆகாதவர்களுக்கும் அது இன்னும் கூடும். பதிவின்போது கொஞ்சம் கூடுதலாகக் கட்டி அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நெரிசலான இடத்துக்குப் போகிறேன் என்றால் அதை எடுத்துவிடுவேன். ஒரு நிறுவனம் முன் பம்பருக்கு அடியில் இருந்த கீறலை எங்கள் கணக்கில் எழுதப் பார்த்தது. எடுக்கும்போது எடுத்த படங்களில் அந்தக் கீறல் இருந்ததால் தப்பித்தோம், அதற்கும் இரண்டு வாரம் மின்னஞ்சல் போர். நான்கு பக்கமும் படம் எடுக்கச் செயலி கேட்கும். நீங்கள் அடிப்பக்கத்தையும் சக்கர விளிம்பையும் சேர்த்து எடுங்கள். சுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பெரும்பாலும் பரவாயில்லை, சில நாள் முன்னவர் தின்ற கறிபப் மணக்கும்.

குழந்தை உள்ளவர்களுக்குத்தான் இது உண்மையான சோதனை. இங்கே 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களைத் தகுந்த இருக்கையில்லாமல் காரில் ஏற்றக் கூடாது. டாக்சிக்கு விலக்கு உண்டு, பகிர்வுக் காருக்கு இல்லை. மகள் சின்னவளாக இருந்தபோது பெரிய இருக்கையை மின்தூக்கியில் இறக்கி, ஐந்தாவது தளத்து நிறுத்துமிடம் வரை தூக்கிப் போய், மாட்டி, திரும்ப வந்து கழற்றி... போகும் உற்சாகமே போய்விடும். இப்போது உயரம் கூட்டும் சின்ன இருக்கை போதும் என்பதால் பிழைத்தோம். கைக்குழந்தையும் அதற்கு மேல் ஒன்றும் இருக்கும் வீட்டில் யாராவது சொந்தக் கார் வேண்டும் என்றால், பணம் இருந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

காரில் மலேசியாவுக்குப் போவதும் அப்படி ஒரு சோதனைதான். சாதாரணமாகப் பதிவு செய்யும் காரை எல்லை தாண்டி ஓட்ட முடியாது, அதற்கு அனுமதி உள்ள காரைத் தனியாகத் தேட வேண்டும். அப்புறம் புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற சிங்கப்பூர் விதி, வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம் என்று 2025 ஜூலையிலிருந்து மலேசியாவில் நடைமுறை. வாராவாரம் ஜோகூர் பாருவுக்குப் போய் மளிகை வாங்கும் குடும்பத்துக்குப் பகிர்வு ஒத்துவராது. நாங்கள் எப்போதாவது பேருந்தில் போகிறோம்.

இன்னொன்றும் உண்டு: இந்தச் சேவைகள் நிரந்தரம் என்று நம்பக் கூடாது. இங்கே கார் பகிர்வு புதிதில்லை, 1997இலேயே என்டியுசி இன்கம் என்ற காப்புறுதி நிறுவனம் ஒரு கார் கூட்டுறவைத் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ வந்து போயின. எனக்கு மிகவும் பிடித்தது புளூஎஸ்ஜி, 2017 டிசம்பரில் வந்த மின்கார்ச் சேவை. ஒரு இடத்தில் எடுத்து இன்னொரு இடத்தில் விட்டுவிடலாம். திரும்பி வர வேண்டிய கவலை இல்லை, நிற்கும் நேரத்துக்குக் காசு ஓடாது. 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி அமைத்துக்கொண்ட பயணங்களை எல்லாம் நாங்கள் மறுபடி டாக்சிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பகிர்வு நிறுவனங்களும் நம்மைப் போலவே சிஓஇ விலை கொடுத்துத்தான் கார் இறக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஏலம் ஏறினால் சில மாதங்களில் மணிக்கட்டணத்தில் அது தெரியும்.

வாரக் கடைசியில் மட்டும்தான் ஓட்டுவோம் என்பவர்களுக்குச் சிவப்பு எண் பலகைக் கார் என்று ஒரு வழி உண்டு. வார நாளில் மாலை 7 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறு முழுதும் ஓட்டலாம், வாங்கும்போது 17,000 வெள்ளி வரை கழிவு. ஏலம் ஒரு லட்சத்தில் நிற்கும்போது அந்தக் கழிவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளுக்குக் கூடுதலாக 20,000 சான்றிதழ்களைப் படிப்படியாக விடுகிறோம் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது, விலை இறங்கும் என்று கணவர் நம்பினார். அந்த ஆண்டு அக்டோபர் ஏலத்துக்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சிறிய கார்களுக்கு 50,000 வெள்ளிக்கு இறங்கினால் மறுபடி யோசிப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை இதுவே.

ஒரு விதிவிலக்கு வருகிறது. அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்ததும் சில மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும், நடைகட்டையோடு. ஒவ்வொரு முறையும் கார் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று தேடவோ, சிகிச்சை நீண்டால் மணியைப் பார்க்கவோ அப்போது பொறுமை இருக்காது. அந்த மாதங்களுக்கு மட்டும் மாத வாடகைக்கு ஒரு கார் எடுக்க விசாரித்து வருகிறோம். விலை கிட்டத்தட்ட சொந்தக் கார் வைத்திருப்பது போலத்தான், ஆனால் வேண்டாதபோது திருப்பிக் கொடுத்துவிடலாம்.