இரண்டு நாள் நடை, ஒரு நாள் வேன்: குமரி மாவட்ட நடைப்பயணம் ஒன்றைப் பற்றி

கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலானோர் முனையில் சூரிய உதயம் பார்த்து, படகில் பாறைக்குப் போய்த் திரும்பி, சுசீந்திரத்தில் இறங்கிக் கும்பிட்டு, நேரம் மிஞ்சினால் பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். நாகர்கோவிலில் பிறந்து, முப்பது ஆண்டுகளாகச் சென்னையில் இருக்கும் நானும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை இப்படித்தான் அழைத்துப் போயிருக்கிறேன். அதனால், மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மூன்று நாள் நடந்தே பழைய இடங்களைப் பார்க்கும் பயணம் ஒன்றை உள்ளூர் இளைஞர்கள் சிலர் நடத்துகிறார்கள் என்று என் அக்கா சொன்னபோது, ஊர்க்காரனான எனக்கே ஊரைக் காட்டப் போகிறார்களா என்ற சிறு கேலியுடன்தான் சம்மதித்தேன். ஜனவரி மாதத்தில் ஒன்பது பேர் கொண்ட குழுவில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு, நுழைவுச்சீட்டு, வேன் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 8,400 ரூபாய்.

முதல் குறையைப் பயணம் தொடங்குமுன்பே சொல்லியாக வேண்டும். அவர்கள் அனுப்பிய நிகழ்ச்சிநிரலில் பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமையில் போடப்பட்டிருந்தது. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பது தக்கலையில் சாயக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும். நான் தொலைபேசியில் சொன்ன பிறகு ஒரு நாள் தள்ளிவைத்தார்கள்; மன்னிப்பும் கேட்டார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் ஒன்பது பேரும் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் 1956இல் மாவட்டம் நம்முடன் இணைந்த பின்னும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே தொடர்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இந்த அரண்மனையைக் கண்ணால் மட்டுமல்லாமல் காலாலும் பார்க்க வேண்டும். எரித்த சிரட்டையின் (கொட்டாங்குச்சியின்) கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து தேய்த்துப் போட்ட கறுப்புத் தரை, ஜனவரி மாத வெயில் நேரத்திலும் உள்ளங்காலில் குளிர்ச்சியாக ஒட்டுகிறது. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வண்ண அபிரகத் தகடுகள் பதித்த சன்னல்களின் வெளிச்சம் அதன்மேல் விழும்போது, தரை மரமா கல்லா கண்ணாடியா என்று சொல்ல முடியாமல் என் அக்கா குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கிய தொண்ணூறு பூக்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். நான் பதினைந்து வரை ஒப்பிட்டுப் பார்த்ததில் உண்மையாகத்தான் பட்டது. அதற்கு மேல் ஒப்பிட நேரம் தரவில்லை. தாய்க்கொட்டாரத்தையும், ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரையையும், நாடகசாலையையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் முடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். மூன்று நாள் பயணத்தில் மிகச் சிறந்த கட்டடத்துக்கு இவ்வளவு குறைவான நேரம் ஒதுக்கியதை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் வெளியே வந்தவுடன் வேனில் ஏற்றாமல், கோட்டைக்குள்ளேயே இருக்கும் கல்குளம் நீலகண்டசாமி கோயிலையும் அதன் தெப்பக்குளத்தையும் சுற்றி, தெருக்கள் வழியாக நடத்திக்கொண்டு போனது நல்ல யோசனை. இந்த இடத்தின் பழைய பெயரே கல்குளம்தான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டைப் பத்மநாபசாமிக்கு எழுதிவைத்த பிறகே பத்மநாபபுரம் ஆனது. அரண்மனைக்குள் மட்டும் சுற்றித் திரும்புகிறவர்களுக்கு, தாங்கள் நின்றது கருங்கல் மதில் சூழ்ந்த ஒரு முழு ஊருக்குள் என்பது தெரிவதில்லை. மதிலோரம் நடக்கும்போது அது தானாகவே விளங்கிவிடுகிறது.

பிற்பகல் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா என்பதால் குடும்பத்துடன் மான் பார்க்க வருகிறவர்களே அதிகம். உள்ளே இடிந்த தேவாலயத்தில், 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுக் கம்பெனிக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே நடந்த குளச்சல் போரில் டச்சுத் தரப்பிலிருந்து பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்டித் தம்பி இங்கே மிகுந்த உற்சாகத்துடன், ஆசியாவில் முதன்முதலாக ஐரோப்பியரைத் தோற்கடித்த போர் குளச்சல் போர்தான் என்றார். இதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் 1662இலேயே தைவானில் சீனத் தளபதி கொக்சிங்காவின் படை இதே டச்சுக்காரர்களை வெளியேற்றிவிட்டது. குளச்சலின் பெருமைக்கு இந்த மிகை தேவையே இல்லை. ஒரு சிறு அரசு டச்சுக் கம்பெனியை அடக்கியதும், தோற்ற தளபதியைக் கொண்டே தன் படையைப் பயிற்றுவித்ததும், இதே கோட்டைக்குள் பீரங்கி வார்த்ததும் போதாதா?

அதே கல்லறைக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒரு பெயரை அவர் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். நாங்கள் அங்கே நின்றதும் ஜனவரி மாதத்தில்தான். குழுவில் இருந்த பெண்மணி ஒருவர் இதைக் கேட்டபோது, தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, “அது நம்ம கதையில வராதுன்னு விட்டுட்டேன் அக்கா” என்றார். வரும் தம்பி, கட்டாயம் வரும்.

இரவுத் தங்கல் திருவட்டாறு பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு பழைய வீட்டில். குளியலறை சுத்தம், கொசு அதிகம். சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல வாயில்லை: இரவில் வேகவைத்துத் தாளித்த மரச்சீனிக்கிழங்கும், தேங்காய் அரைத்துக் குடம்புளி போட்ட மீன்கறியும், காலையில் புட்டு, பயறு, பப்படம், கூடவே தார் முழுக்கத் தொங்கவிட்ட மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழத்தைச் சென்னையில் தேடி அலைந்தவன் என்பதால் நான் ஏழு சாப்பிட்டேன். மீன் சாப்பிடாதவர்களுக்கு மட்டும் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தி ஒன்றுதான் கிடைத்தது. முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாம் நாளுக்காகவே இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்கிறேன். வெயிலுக்கு முன் சிதறால் மலை. கற்கள் பாவிய பாதையில், முந்திரி மரங்களுக்கிடையே, மூட்டுவலி உள்ள என் அக்காவே மூன்று இடங்களில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் ஏறிவிட்டாள். திருச்சாரணத்துமலை என்று கல்வெட்டுகள் சொல்லும் இந்த மலையில், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் குலத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் சமணப் பள்ளி இருந்தது. தொங்கும் பெரும்பாறையின் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். ஐந்தலை நாகம் குடை பிடிக்கப் பார்சுவநாதர். சிங்கமும் குழந்தைகளும் அருகிருக்க நிற்கும் அம்பிகை. சிற்பங்களுக்குக் கீழே யார் செய்வித்தது என்று சிறு சிறு வட்டெழுத்து வரிகள். இங்கே வழிகாட்டி உண்மையிலேயே தயாரித்து வந்திருந்தார். வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் ஆசிரியர் இம்மலையின் பகவதிக்குப் பொன்னணிகள் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டைப் பற்றி விளக்கிவிட்டு, “குரத்தின்னா குருவுக்குப் பெண்பால், டீச்சர்” என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியையான என் அக்கா அந்த ஒரு சொல்லுக்காகவே அவருடைய மற்ற பிழைகளை எல்லாம் மன்னித்துவிட்டாள். பின்னாளில் இது பகவதி கோயிலாகி, இன்றும் அப்படியே வழிபடப்படுகிறது. மேலே சுனைக்கரையில் நின்றால் தென்னையும் ரப்பருமாக விளவங்கோடு முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது.

அங்கிருந்து வேனில் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். நிரலில் இதைக் குறிப்பிடாததால் குழுவில் இருந்த ஒரு பையன் கூச்சத்தில் வெளியிலேயே நின்றுவிட்டான். நானூறு ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜூலையில் குடமுழுக்கு கண்ட கோயில் இது. கடுசர்க்கரை என்னும் மூலிகைக் கலவையால் ஆன 22 அடிச் சயனத் திருமேனியை மூன்று வாசல்கள் வழியே முகம், உடல், பாதம் என்று பகுதி பகுதியாகத்தான் பார்க்க முடியும். நடை சாத்துமுன் கால் மணி நேரமே கிடைத்தது. பிராகாரத்தில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளை நின்று பார்க்க முடியவில்லை.

பிற்பகலில்தான் உண்மையான நடை தொடங்கியது. கோதையாறும் பறளியாறும் கூடும் மூவாற்றுமுகத்துக்கு முதலில் இறங்கினோம். ஊரை ஆறு வளைத்து ஓடுவதால்தான் வட்டாறு என்ற பெயர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். காலால் வளைந்து நடந்தபோதுதான் அது மண்டையில் ஏறியது. பிறகு சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து இந்த மாவட்டத்தின் பயிர்த்தொழில் கோதையாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறது. ஜனவரியில் சானலில் தண்ணீர் ஓடுவதால் கரை முழுக்க ஈரக்காற்று. ஒரு பக்கம் வாழையும் கும்பப்பூப் பருவத்து நெல்லும் நிற்கும் ஏலா என்னும் வயல்வெளி, மறுபக்கம் இலை பழுத்து உதிரத் தொடங்கிய ரப்பர். “பாட்டா காலத்துல இந்த ஏலா முழுக்க நெல்லுதான் அண்ணே, இப்ப பாதி ரப்பரு” என்றார் வழிகாட்டி. ஒரு ரப்பர் விளையில் பால்வெட்டு நடந்து முடிந்திருந்தது. மரத்தில் சாய்வாகக் கீறிய வரியின் முடிவில் தகரத் துண்டு, அதன் கீழே கம்பியில் கட்டிய சிரட்டை. வெள்ளைப் பாலின் கடைசிச் சொட்டுகள் நூலாக இறங்கி, விளிம்பில் ஒட்டுப்பாலாக உறைந்திருந்தன. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கிண்ணம்தான் என்றாலும், அந்தத் தோட்டக்காரர் சிரட்டையை விடவில்லை. முந்தின நாள் அரண்மனைத் தரையில் கரியாகப் பார்த்த அதே சிரட்டை. இதை வழிகாட்டி சுட்டிக்காட்டவில்லை, அக்காதான் சொன்னாள்.

சானலின் போக்கிலேயே போனால் மாத்தூர்த் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே, இரண்டு குன்றுகளுக்கிடையே, 28 தூண்களின் மீது 115 அடி உயரத்தில் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரைக் கடத்தும் இந்தப் பாலம், காமராசர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966இல் முடிந்தது. காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது உயரமான ஒரு பாலம். படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சானல்கரையில் தண்ணீருக்குத் துணையாக நடந்து வந்தவனுக்கோ, பக்கத்தில் ஓடிய தண்ணீர் திடீரென்று தொட்டிக்குள் புகுந்து ஆகாயத்தில் ஓடுவதைப் பார்க்கும்போது, அது ஏன் கட்டப்பட்டது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உயரப் பயம் உள்ளவர்கள் படியிறங்கி ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கலாம். அதுவும் குறைந்த காட்சியல்ல. இந்த நடையில் ஒரே குறை, பெண்களுக்கான கழிப்பறை வழியில் எங்குமே இல்லாதது. வழியிலுள்ள ஏதாவதொரு வீட்டுடன் ஏற்பாடு செய்து, அதற்குக் கட்டணம் வாங்கினாலும் யாரும் மறுக்கப் போவதில்லை.

மூன்றாம் நாளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சுசீந்திரம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி, எல்லாம் வேனில். என் கைப்பேசிக் கணக்குப்படி முதல் நாள் ஏழு, இரண்டாம் நாள் பதினொன்று, மூன்றாம் நாள் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். விளம்பரத்தில் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். வட்டக்கோட்டையின் மதிலில் கடல்காற்று நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு நடைப்பயணக் குழு எதற்கு?

இந்த மாவட்டத்துக்கு நடை ஒன்றும் புதிதல்ல. மகா சிவராத்திரியை ஒட்டி, கையில் பனையோலை விசிறியுடன் “கோவிந்தா, கோபாலா” என்று கூவிக்கொண்டு, முஞ்சிறைத் திருமலை முதல் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் தரிசிக்கும் சிவாலய ஓட்டம் இங்கேதான் நடக்கிறது. முதல் நாள் நாங்கள் பார்த்த கல்குளமும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. மூன்றாம் நாளுக்கு அந்த வழியிலேயே ஒரு துண்டை எடுக்கலாம்: திற்பரப்பு அருவியில் காலை நனைத்துவிட்டுத் திருநந்திக்கரைக்கு ஒரு காலை நேரத்தில் நடந்துவிடலாம். அங்கே பாறையைக் குடைந்த குகைக்கோயிலில், முதலாம் ராஜராஜன் தன் பிறந்த நாளான ஐப்பசிச் சதயத்துக்கு விழா எடுக்க ஊர் கொடுத்ததைச் சொல்லும் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் இருக்கிறது.

இதை விடைபெறும்போது சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். சிவராத்திரிக் கூட்டம் முடிந்த பின் ஒருமுறை நடந்து பார்க்கிறோம் என்றார்கள். அதுவரை, விரும்புகிறவர்கள் முதல் இரண்டு நாள்களுக்கு மட்டும் 5,500 ரூபாய் கட்டி வரலாம் என்றும் சொன்னார்கள். சானலில் தண்ணீர் அடைக்குமுன், அதாவது பிப்ரவரிக்குள், அந்த இரண்டு நாள்களுக்குப் போகலாம். அரண்மனைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று முன்பணம் கட்டும்போதே பேசிக்கொள்ளுங்கள்.